விமான இருக்கையில் மஞ்சள்

பஸ் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்த எங்களிடம் ஒரு விமானக் கம்பெனி வந்து சேர்ந்தது எங்கள் அதிர்ஷ்டமா, அவர்கள் அதிர்ஷ்டமா என்று இன்றைக்கும் எனக்கு அறுதியிட்டுச் சொல்லத் தெரியவில்லை. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் தையல் பிரிவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டவுன் பஸ், வெளியூர் பஸ், பள்ளிக்கூட வேன் எது வந்தாலும் உறை தைப்போம். வெற்றிலை எச்சில், குழந்தைகளின் வாந்தி, ஜன்னல் வழியாக அடிக்கும் மழை எல்லாவற்றையும் தாங்கும் ரெக்சின் அது. அதில் ஒரு தையல் கோணிப்போனால் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டார். கண்டக்டர் எங்கே கண்டுபிடிக்கப் போகிறார்!

அந்த விமானக் கம்பெனியும் ஒருவகையில் எங்கள் ஜாதிதான். கடல் தாண்டிய ஏதோ ஒரு நாட்டில் வயலுக்கு மருந்தடிக்கும் விமானமும், தபால் மூட்டை சுமக்கும் விமானமும் செய்து பிழைத்துக்கொண்டிருந்தவர்கள். திடீரென்று அவர்களுக்குப் பணக்காரர்கள் மேல் பாசம் பொங்கிவிட்டது. பெரிய முதலாளிகள் சொந்தக் கார் மாதிரி வைத்துக்கொள்ளும் குட்டி ஜெட் விமானம் செய்யப் போகிறோம் என்று இறங்கினார்கள். இறகையும் இன்ஜினையும் செய்யத் தெரிந்தவர்களுக்கு, உள்ளே உட்காருகிறவரின் முதுகு நோகாமல் ஒரு சீட்டு செய்யத் தெரியவில்லை. மூட்டைக்கு ஏது முதுகு? ஆள் தேடினார்கள். தேடியவர்கள் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் எங்கள் கேட்டுக்குள் நுழைந்தார்கள்.

கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து அந்த விமானத்தின் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். உள்ளே சந்தன நிறத் தோலில் சீட்டுகள், நடுவில் மேஜை, மேஜைமேல் ஒரு பூ ஜாடி. எங்கள் குவாலிட்டி இன்ஜினியர், கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்தார். எட்டுப் பேர் உட்காரலாம் என்றதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நின்னுக்கினு எத்தன பேரு போலாம் சார்?"

கேன்டீனே சிரித்தது. இன்ஜினியரும் சிரித்துவிட்டார். கேட்டவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும். பஸ்ஸையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு என்ன கேள்வி வரும்?

விஷயம் இதுதான். மாதிரிக்கு நான்கு சீட்டுகள் செய்து காட்ட வேண்டும். கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்து பார்ப்பார். அவர் தலையாட்டினால் அந்த வேலை ஓசூரிலேயே நிலைக்கும். அந்த வரிசையில் இருக்கும் பெண்கள் எல்லோரும் கான்ட்ராக்டிலிருந்து நிரந்தரத்துக்கு மாறுவார்கள், நான் உட்பட. அவர் உதட்டைப் பிதுக்கினால் வேலை வேறு ஊருக்குப் போகும். நாங்கள் பழையபடி வாந்தி தாங்கும் ரெக்சினுக்குத் திரும்ப வேண்டியதுதான். ரெக்சின் வேலையும் குறைந்துகொண்டே வந்த சமயம். என் மகள் கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வேலை வேண்டும் என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

இங்கே என் வீட்டு விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் எல்லை தாண்டிப் போனவர். ஓசூரில் எல்லை தாண்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, அத்திப்பள்ளி பஸ் ஏறினால் போதும், கர்நாடகம் வந்துவிடும். பெங்களூரில் வேலை என்று போனார், அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டார். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. கேட்டவர்களுக்கெல்லாம் "பெங்களூர்ல வேல, வாரக் கடைசியில வருவாரு" என்று சொல்லிவைத்தேன். எந்த வாரம் என்று யாரும் கேட்டதில்லை.

தாலியை மட்டும் கழற்றவில்லை. அவர்மேல் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது வீட்டுக்காரம்மா முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், இரண்டாம் ஷிப்ட் முடிந்து இறங்கும் பஸ் நிறுத்தத்தில், எங்கும் அது எனக்கு ஒரு பூட்டு. உள்ளே ஒன்றுமில்லாத வீட்டுக்கும் பூட்டுப் போட்டுவிட்டுத்தானே வெளியே போகிறோம். ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. யார் வீட்டில் நல்ல காரியம் என்றாலும் "அக்கா, நீங்க மொதல்ல நலுங்கு வெய்யுங்க" என்று மஞ்சள் கிண்ணத்தை என் கையில் கொடுப்பார்கள். கையில் வாங்கும்போதெல்லாம் உள்ளே எதுவோ சுருங்கும். இருந்தாலும் வைத்துவிட்டு வருவேன்.

ஜெட் வேலைக்கென்று ஷெட்டின் ஒரு மூலையைக் கண்ணாடியால் தடுத்து ஏசி போட்டார்கள். விதிமுறைகளும் வந்தன. முதல் விதி, உள்ளே வருகிறவர்கள் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. அந்தத் தோலில் நகத்தால் லேசாகக் கீறினாலே கோடு விழும். வளையல், மோதிரம், கொலுசு எல்லாம் கழன்றன. மூக்குத்தி கழலாதவர்கள் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார்கள், ஏதோ மூக்கில் அடிபட்டவர்கள் மாதிரி. கடைசியில் பேச்சு தாலிச் செயினில் வந்து நின்றது. அதைச் சொல்ல வந்த எச்.ஆர். அதிகாரி எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தே பேசினார்.

"அதெல்லாம் ஆவாது சார்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். தங்கச் செயினை வீட்டில் வைத்துவிட்டு எல்லோரும் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்வது. கயிறு உலோகமில்லையே! ஆனால் தாலி இருக்கிறதே? அதற்குத் தோல் வெட்டும் பாய் உதவிக்கு வந்தார். கிருஷ்ணகிரிக்காரர், பரம்பரையாகத் தோல் வியாபாரம் செய்த குடும்பம். தோலைத் தடவிப் பார்த்தே மாடு எந்தப் பக்கம் படுத்துத் தூங்கியது என்று சொல்வார் என நாங்கள் கிண்டல் செய்வோம். வெட்டி மிஞ்சிய சந்தன நிறத் துண்டுகளில் ஆளுக்கு ஒன்று அளவாக நறுக்கிக் கொடுத்தார். அதில் தாலியை உள்ளே வைத்துச் சின்னதாக உறை தைத்துக்கொண்டோம். தைத்தது யார்? ஜெட்டுக்குத் தைக்கும் கைகள். ஒரு முதலாளி உட்காரப் போகிற அதே தோல், அதே நூல், அதே தையல்.

"தாலிக்கே பாஸ்போர்ட் கவர் போட்டாச்சு, இனி பிளேன் ஏற வேண்டியதுதான்" என்றார் பாய். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எங்க வூட்லயும் கருகமணியக் கழட்டச் சொன்னா இந்த ரகளதான் நடக்கும்" என்றார்.

எச்.ஆர். அதிகாரி நிம்மதியாக மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார். எல்லோருக்கும் திருப்தி. நாங்கள் எவ்வளவு கெட்டிக்காரிகள் என்று எங்களுக்கே பெருமையாக இருந்தது.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. திட்டிக்கொண்டே செய்தேன், அது வேறு. 'எவனோ ஒருத்தன் ரெண்டு மணி நேரம் சாய்ந்து உட்கார இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தைக்க வேண்டுமா' என்று காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை சொல்லாவிட்டால் எனக்குப் பொழுது போகாது. ஆனால் அந்தத் தோலில் ஊசி இறங்கும்போது கைக்கு ஒரு சுகம் இருந்தது. பொய் சொல்வானேன்.

தைப்பதைவிடக் கஷ்டம், தைத்த உறையைச் சீட்டுக்கு மாட்டுவது. உள்ளே இருக்கும் பஞ்சு திமிறிக்கொண்டு நிற்கும். ஒருத்தி சீட்டின் முதுகை அப்படியே கட்டிப்பிடித்து நெஞ்சால் அழுத்திப் பஞ்சை அமுக்க வேண்டும். இன்னொருத்தி அந்த நேரம் பார்த்து உறையைச் சுருக்கமில்லாமல் இழுத்து மாட்ட வேண்டும். ஏசியிலும் வேர்த்துக் கொட்டும். கட்டிப்பிடிப்பதில் எங்களுக்குள் கெட்டிக்காரி உத்தனப்பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பெண். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. "புருஷனக்கூட இப்படிப் புடிச்சிருக்க மாட்டா" என்று மற்றவர்கள் கேலி செய்தால், கன்னம் சிவக்க இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். அவள் மாமியார் நல்ல மனுஷி. மருமகள் வேலைக்குப் போகும் இடத்தில் கண் படாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் மஞ்சள் இழைத்துத் தானே அவள் கயிற்றில் பூசி அனுப்புவார். நாங்களும் சும்மா இருக்கவில்லை. கயிறு வெளுத்துத் தெரிந்தால் புருஷன்மேல் அக்கறை இல்லாதவள் என்று ஆகிவிடும். வெள்ளிக்கிழமை தவறாமல் பூசினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே பூசினேன்.

அந்த அம்மா வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உயரமானவர், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார், காலில் தட்டையான செருப்பு. வந்ததும் கைகுலுக்கினார், பிறகு ஒரு வார்த்தை பேசாமல் தரையில் படுத்துச் சீட்டின் அடிப்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எங்களுக்கு அது பிடித்துவிட்டது. தையலை விரலால் தடவிப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார், எழுந்து சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது விளக்கை அணைக்கச் சொன்னார். பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார். ஊதா வெளிச்சம். ஒட்டுப் பசை எங்காவது மிச்சமிருந்தால் அதில் தெரியும் என்று இன்ஜினியர் முன்பே சொல்லியிருந்தார். பசையில் நாங்கள் கவனமாக இருந்தோம், அதனால் பயமில்லை. முதல் சீட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவது சீட்டின் முதுகில், உச்சிக்குச் சற்றுக் கீழே, பச்சையும் மஞ்சளுமாக ஒரு கோடு பளீரென்று எரிந்தது. பக்கத்தில் புள்ளி புள்ளியாக இன்னும் கொஞ்சம். மூன்றாவது சீட்டிலும் அதே. நான்காவது மட்டும் தப்பியது.

விளக்கைப் போட்டதும் ஒன்றும் தெரியவில்லை, உற்றுப் பார்த்தால் மிக லேசாக ஒரு மஞ்சள் சாயல். இன்ஜினியர் பதற்றத்தில் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தார். அவ்வளவுதான், துடைத்த இடம் ரத்தச் சிவப்பாக மாறியது. அந்த அம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

எங்களில் யாரும் நகரவில்லை. மஞ்சள் பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஆரத்தி கரைத்த கைகள்தானே எல்லாம். ஒரே சமயத்தில் அத்தனை கைகளும் கழுத்துக்குப் போயின. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இன்ஜினியருக்கும் புரிந்துவிட்டது.

"யக்கா, இது மஞ்சள்லா?" என்றார் மெதுவாக. சொல்லிவிட்டு அவரும் மின்விசிறியைத் தேடினார். கண்ணாடி அறையில் மின்விசிறி இல்லை.

கட்டிப்பிடிக்கும்போது, புடவைமேல் போட்டிருந்த கம்பெனி ஓவர்கோட்டின் கழுத்து வழியாகக் கயிறு வெளியே சரிந்திருக்கிறது. வேர்வையில் நனைந்த மஞ்சள், சீட்டின் தோலில் ஒட்டியிருக்கிறது. உலோகம் கூடாது என்றதற்கு நாங்கள் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம் எங்கள் தலையிலேயே விடிந்தது.

அந்த அம்மாவுக்கு இன்ஜினியர் இங்கிலீஷில் விளக்கினார். நீண்ட நேரம் விளக்கினார். அந்த அம்மா கோபப்படவில்லை. தோல் உறை போட்ட என் தாலியைக் கையில் வாங்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டார், காட்டினேன். கழுத்தில் கிடக்கும்போதே குனிந்து பார்த்து, தையல் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய கல்யாண மோதிரம். இந்த மாதிரி அறைகளுக்குள் நுழையும்போதெல்லாம் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாராம். அதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "உங்களுடையதைக் கழற்றினால் என்ன ஆகும்?"

இன்ஜினியர் மொழிபெயர்த்தார். என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருப்பதை வாயால் சொல்லவே கூடாது. மற்றவர்கள் பயத்தில் வாய் மூடியிருந்தார்கள். நான் வாய் மூடியிருந்ததற்குக் காரணம் வேறு. என்னுடையதைக் கழற்றினால் ஒன்றுமே ஆகாது.

அந்த அம்மா மறுநாள் மாலை வரை அவகாசம் கொடுத்தார். "எங்கள் கம்பெனியும் இதற்குப் புதிது. தபால் மூட்டை கறையைப் பற்றிப் புகார் சொல்லாது. இனி உட்காரப் போகிறவர்கள் சொல்வார்கள்" என்றார். அவருக்கும் மேலே யாரோ பதில் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன விதத்தில் தெரிந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. மாற்று உறைகள் தைத்துத் தயாராக இருந்தன. மாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கழுத்தில் மஞ்சள் இருக்கிறவர்கள் மாட்டக் கூடாது. கல்யாணமாகாத பெண்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு உறை மாட்டும் பழக்கமில்லை, ஒரு சுருக்கம் விழுந்தாலும் கதை முடிந்தது.

மறுநாள் காலையில் ஷிப்ட் தொடங்குமுன் பெண்களின் உடைமாற்றும் அறையில் எல்லோரும் நின்றோம். யாரும் லாக்கரைத் திறக்கவில்லை.

"கயித்த மாத்தும்போதுகூட புதுசப் போட்டுக்கினுதான் பழசக் கழட்டுவோம். கழுத்து ஒரு நிமிசம் சும்மா இருக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும்" என்றாள் ஒருத்தி.

"வூட்ல தெரிஞ்சா என்ன சொல்றது?"

உத்தனப்பள்ளிப் பெண் "வத்துக்கா, வேணாம்க்கா" என்று தெலுங்கும் தமிழுமாக அழுதாள். அவள் இல்லாமல் அந்தச் சீட்டை அமுக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

பேசி ஓய்ந்து எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. பணக்காரன் உட்காரும் சீட்டின்மேல், அதைச் செய்யக் கிளம்பிய கம்பெனியின்மேல், அத்திப்பள்ளி பஸ்ஸின்மேல், எல்லாவற்றின்மேலும். நான் முதலில் கழற்றினால் இவர்களும் கழற்றுவார்கள். ஆனால் அது ஏமாற்று இல்லையா? புருஷன் உள்ள ஒருத்தி துணிந்து கழற்றுகிறாள் என்றுதானே நினைப்பார்கள்? இழக்க எதுவும் இல்லாதவள் காட்டும் தைரியம் என்ன தைரியம்? இதையெல்லாம் யோசித்தேன். ஆனால் இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. அதைக் கழற்ற எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் பூட்டிய கதவு. ஒருமுறை திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்.

என்ன தோன்றியதோ, தலை வழியாகச் சட்டென்று கழற்றிவிட்டேன். நேராகப் போய் ஷெட்டுக்குள் சாமி படங்கள் மாட்டியிருந்த பலகையின் கீழே ஒரு ஆணியில் மாட்டினேன்.

"சாமிகிட்டயே இருக்கட்டும். நம்மள வுட நல்லாப் பாத்துக்கும்" என்றேன். குரல் என்னவோ அதட்டலாகத்தான் வந்தது.

ஒவ்வொருவராக வந்து மாட்டினார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு, சிலர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு. பாய் எங்கிருந்தோ ஒரு சுத்தமான துணி கொண்டுவந்து தூசி படாமல் மேலே போர்த்திவிட்டுப் போனார். உத்தனப்பள்ளிப் பெண் மட்டும் மிச்சம். அவள் செல்போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். சிப்காட்டில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். தெலுங்கில் மூச்சுவிடாமல் எல்லாம் சொன்னாள். அவன் பதில் எங்களுக்கே கேட்டது. சீக்கிரம் கழட்டிட்டு வேலையைப் பார், எனக்கு இங்கே லைன் ஓடுது என்றான். அழுகையோடு சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே, இப்படி ஒரு விஷயத்துக்குக் கூப்பிட்டுக் கேட்க எனக்கு யாரும் இல்லையே என்று இருந்தது.

அன்று முழுவதும் எங்கள் கைகள் அடிக்கடி கழுத்துக்குப் போய்த் திரும்பின. மற்றபடி வேலை வேலையாக நடந்தது. அவள் கட்டிப்பிடித்தாள், நான் இழுத்து மாட்டினேன். இரண்டாவது சீட்டு, மூன்றாவது சீட்டு. ஒரு சுருக்கம் இல்லை. சாயங்காலம் அந்த அம்மா வந்தார். விளக்கை அணைத்தார்கள். ஊதா வெளிச்சம் சீட்டின் முதுகில், கைப்பிடியில், ஓரத்தில் நிதானமாக ஊர்ந்தது. எங்கும் எதுவும் எரியவில்லை. விளக்கைப் போடுமுன்பே இருட்டில் அவர் கைதட்டும் சத்தம் கேட்டது. இன்ஜினியர் "யக்கா! யக்கா!" என்று கத்தினார். அந்த வேலை ஓசூரிலேயே நின்றது, அந்த வரிசையில் இருந்த நாங்கள் எல்லோரும் பிறகு நிரந்தரமானோம்.

ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் சாமி பலகைக்கு ஓடினார்கள். ஒரே மாதிரி தோல் உறை, ஆனாலும் அவரவர் கயிறு அவரவருக்குத் தெரிந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டுக்கொண்டார்கள். உத்தனப்பள்ளிப் பெண் தன்னுடையதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க போட்டு வுடுங்க. மொத மொறையா கழட்டிட்டேன். நானே போட்டுக்க பயமா இருக்குது."

எத்தனையோ பேருக்கு நலுங்கு வைத்த கை. அன்றைக்கு ஏனோ நீளவில்லை.

"என் கை வேணாம். வேற யாரையாச்சும் கேளு" என்றேன்.

"ஏன்க்கா?"

"எங்கூட்டுக்காரரு வாரக் கடைசியில வர்றதில்ல. எப்பவுமே வர்றதில்ல. அவருக்கு அங்க வேற குடும்பம்." வாயிலிருந்து வந்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. அதை அதுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவள் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

"தெரியும்க்கா" என்றாள்.

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரியும்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி பையில் எதையோ தேடினாள். ஒருத்தி செருப்பைத் தேடினாள். பாய் தோல் ரோலைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தார். எத்தனை வருஷமாகத் தெரியும், யார் வழியாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு கல்யாணத்திலும் மஞ்சள் கிண்ணத்தை என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சுமா என்னையப் போடச் சொல்ற?"

"நாங்கல்லாம் சாயங்காலம் திரும்பப் போட்டுக்கலாம்னு கழட்டுனோம். உங்களுக்கு அதக் கழட்ட எவ்ளோ கஷ்டம்னு எங்களுக்குத் தெரியாதாக்கா? நீங்கதான மொதல்ல கழட்டுனீங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

போட்டுவிட்டேன். கயிறு மஞ்சளும் வேர்வையுமாக மணத்தது. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். ஆணிகளில் என்னுடையது ஒன்றுதான் மிச்சம். அவள் எடுக்கக் கை நீட்டினாள்.

"அங்கயே இருக்கட்டும்" என்றேன்.

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்ததும் கழுத்தில் காற்று பட்டது, முந்தானையை இழுத்து மூடத் தோன்றியது, மூடவில்லை. அவள் போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். அவன் ஏதோ கேட்டான்.

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றாள், இந்த முறை எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே. "நானே போட்டுக்கல. எங்க அக்கா போட்டு வுட்டாங்க."